‘திமிர்’ என்று தீர்ப்பு எழுதும் முன்

ஓசூர் சிப்காட்டில் ஏதோ ஒரு லைனில் பழுதான பாகங்கள் தொடர்ந்து வந்தால் வேலை நிற்கும். சூப்பர்வைசரும் ஆபரேட்டரும் சேர்ந்து ‘ஒய்-ஒய் அனாலிசிஸ்’ தாளை எடுப்பார்கள். ஏன் அளவு தப்பியது? டூல் தேய்ந்திருந்தது. தேய்ந்ததை ஏன் யாரும் பார்க்கவில்லை? மாற்ற வேண்டிய தேதி பலகையில் எழுதப்படவில்லை. ஏன் எழுதவில்லை? இப்படி ஐந்து ‘ஏன்’ வரை போவார்கள். டொயோட்டாவில் தொடங்கிய பழக்கம் அது. இந்த வகைத் தர நிர்வாகத்துக்காக ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் 2002இல் ஜப்பானின் டெமிங் பரிசையே வென்றது. ‘இந்த மெஷினுக்குத் திமிர்’ என்று அந்தத் தாளில் யாரும் எழுதுவதில்லை.

அதே தொழிலாளி ஷிப்ட் முடிந்து அருகே ஜூஜுவாடியில் இருக்கும் தன் லைன் வீட்டுக்கு வருகிறார். இரண்டாம் வகுப்புப் பையன் பக்கத்தில் இருந்தவனை அடித்துவிட்டான் என்று பள்ளி டைரியில் சிவப்பு மையில் எழுதி வந்திருக்கிறது. இங்கே முதல் ‘ஏன்’கூட எழுவதில்லை. “கொழுப்பு ஏறிப்போச்சு, ரெண்டு வெச்சாதான் சரிப்படும்.” விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது.

திமிர், சோம்பேறித்தனம், பிடிவாதம், அழுத்தம், பொய்க்காரி, அடங்காதவன். குழந்தையின் நடத்தைக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களில் பெரும்பாலானவை ஒழுக்கத்தின் பெயர்கள். குழந்தை நல்லதா கெட்டதா என்று அவை சொல்லும். என்ன நடந்தது, எப்போது நடந்தது, எதனால் நடந்தது என்று சொல்லாது. கடந்த நூறு ஆண்டுகளில் குழந்தை மருத்துவமும் உளவியலும் கற்றுக்கொண்ட பலவும் இந்தப் பெயர்களைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு அடியில் பார்த்ததால் கிடைத்தவைதான்.

அதன் தொடக்கமே ஒரு வேடிக்கை. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், மருத்துவர்களின் ராயல் கல்லூரியில் மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். கவனம் நிலைக்காத, சட்டென்று கோபம் கொள்கிற, தண்டித்தாலும் திரும்பத் திரும்ப அதையே செய்கிற குழந்தைகளை அவர் விவரித்தார். அதற்கு அவர் வைத்த பெயர், ஒழுக்கக் கட்டுப்பாட்டில் ஏற்பட்ட குறைபாடு. பெயர் பழைய பெயர்தான். ஆனால் அவர் கேட்ட கேள்வி புதிது. நல்ல குடும்பத்தில் வளர்ந்த, அறிவில் எந்தக் குறையும் இல்லாத குழந்தைகளிடமும் இது இருக்கிறதே, அப்படியானால் உடலில் காரணம் இருக்க வேண்டாமா என்று யோசித்தார். இன்று ஏடிஹெச்டி என்று அழைக்கப்படும் கவனக்குறைவு மிகையியக்க நிலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தச் சொற்பொழிவுகளிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள்.

உடலிலிருந்தே நாமும் தொடங்கலாம். “வேணும்னா மட்டும் அவனுக்குக் காது கேக்கும்” என்று அலுத்துக்கொள்ளாத ஆசிரியர் குறைவு. சளி பிடித்து, நடுக்காதில் நீர் தேங்கிய குழந்தைக்கு உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். ஒரு வாரம் கேட்கும், அடுத்த வாரம் மங்கும். முன்வரிசையில் உட்கார்ந்தால் கேட்கும், கடைசி வரிசைக்கு எட்டாது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது அலட்சியமாகத் தெரிகிறது. கரும்பலகை மங்கலாகத் தெரிகிற குழந்தை பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறது. ‘காப்பி அடிக்கிறாள்’ என்ற பெயர் வந்துவிடுகிறது. பாடத்தின் நடுவே பத்து நொடி வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் குழந்தைக்குப் ‘பகல் கனவு’ என்று பெயர். அது வலிப்பு நோயின் ஒரு வகையாகவும் இருக்கக்கூடும்; கை கால் இழுக்காத, கண நேர நினைவுத் தப்பல். மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும், கண்டுபிடித்தால்.

வயிறும் பேசும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த குழந்தை சோர்வதோடு நிற்பதில்லை. எரிச்சல்படும், கவனம் சிதறும். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் முதல் இரண்டு பீரியடில் எப்படி இருப்பார்கள் என்பது தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை இந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம்.

தூக்கமும் அப்படியே. 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. பெரியவர்களுக்குத் தூக்கம் கெட்டால் கண் சொருகும். குழந்தைகள் பலர் நேர்மாறாக ஆடுவார்கள், ஓடுவார்கள், சீண்டுவார்கள். ஜூஜுவாடி போன்ற ஊரில் இது சிறிய விஷயம் இல்லை. இரவு ஷிப்ட் முடித்த அப்பா பகலில் அந்த ஒற்றை அறையில்தான் தூங்க வேண்டும். விடுமுறை நாள் முழுக்கப் பிள்ளை சத்தம் காட்டக்கூடாது. இரண்டாவது ஷிப்ட் அம்மா வீடு சேர இரவு பதினொன்று ஆகிவிடும். அம்மா முகம் பார்க்காமல் பிள்ளை தூங்காது. மறுநாள் வகுப்பில் வெடிப்பது அடக்கிவைத்த அந்தச் சத்தமும் கெட்ட அந்தத் தூக்கமும்தான்.

கண்ணுக்கே தெரியாத காரணங்களும் உண்டு. அவற்றில் நன்றாக ஆராயப்பட்டது காரீயம். 1979இல் வெளியான ஆய்வுக்காக அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற மருத்துவர், விழுந்த பால்பற்களைக் குழந்தைகளிடமிருந்து சேகரித்து அவற்றில் படிந்திருந்த காரீயத்தை அளந்தார். மறுபுறம் 2,146 குழந்தைகளைப் பற்றி ஆசிரியர்களிடம் எளிய கேள்விகள் கேட்டார். கவனம் சிதறுகிறதா, சொன்னதைச் செய்கிறானா, எளிதில் எரிச்சல் அடைகிறாளா, பகல் கனவு காண்கிறானா? எந்தப் பிள்ளையின் பல்லில் எவ்வளவு காரீயம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியாது. பல்லில் காரீயம் கூடக்கூட, ஆசிரியர் சொன்ன குறைகளும் படிப்படியாகக் கூடின. ஆசிரியர்கள் குணம் என்று நினைத்துக் குறித்ததில் ஒரு உலோகத்தின் வேலையும் கலந்திருந்தது.

இந்த ஆய்வுக்கு ஒரு தமிழ்நாட்டுத் தொடர்ச்சி உண்டு. சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 பள்ளிக் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து, அவர்களின் நடத்தையைப் பற்றி ஆசிரியர்களிடம் வினாத்தாள் நிரப்பி வாங்கிய ஆய்வு 2009இல் வெளியானது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. அமெரிக்காவில் அன்று கவலைக்குரிய அளவாகக் கொண்டிருந்தது 10. இன்று அதையும் 3.5 ஆகக் குறைத்துவிட்டார்கள். காரீயம் கூடிய குழந்தைகளிடம் பதற்றமும், மற்றவர்களோடு பழகுவதில் சிக்கலும், ஏடிஹெச்டி அறிகுறிகளும் கூடுதலாகக் காணப்பட்டன.

காரீயம் உடலுக்குள் கால்சியம் போல வேடமிட்டு மூளைவரை போகிறது. உடலுக்குள் போகும் அதே அளவு காரீயத்தில், பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாகக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்து குறைந்த குழந்தை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். ரத்தசோகை முதலில் வந்து, காரீயத்துக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு காரீய பெட்ரோல் ஒழிந்தது. வீட்டுப் பெயிண்டில் காரீயத்துக்கு வரம்பு விதித்த விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பழைய பெயிண்ட் உரியும் சுவர்களும், பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் பட்டறைகளும் மிச்சம். அங்கே வேலை பார்ப்பவரின் சட்டைத் தூசு வீட்டுக்குள்ளும் வரும். வேலை உடையைத் தனியாகத் துவைப்பதும், குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குவதும் இங்கே குழந்தை வளர்ப்பின் ஒரு பகுதி.

ஜூஜுவாடிக்கே உரிய இன்னொன்று மொழி. ஓசூர் மாநகராட்சிக்குள் அடங்கிய இந்த ஊரைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். உள்ளூர்க்காரர்களில் தெலுங்கு பேசும் வீடுகளும் கன்னடம் பேசும் வீடுகளும் உருது பேசும் வீடுகளும் உண்டு. 1970களிலிருந்து வளர்ந்த சிப்காட்டைத் தேடித் தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வந்தன. இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்கள். வீட்டில் ஒரு மொழி, தெருவில் இன்னொன்று, பள்ளியில் மூன்றாவது. புது மொழிக்குள் விழுந்த குழந்தை சில மாதங்கள் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது மொழி கற்றலில் சாதாரணக் கட்டம். வகுப்பறையில் அதற்கு ‘அழுத்தக்காரி’ என்று பெயர் விழும். ‘எனக்கும் குடு’ என்று சொல்லத் தெரியாத பையன் பறிப்பான். ‘தொடாதே’ என்று சொல்லத் தெரியாதவன் தள்ளுவான். அவனைத் திட்டும் மொழியும் அவனுக்குப் புரியாது. திட்டுகிறவரின் முகம் மட்டும் புரியும்.

நடத்தை ஒரு செய்தி என்றால், அதைப் படிக்க முடியுமா? 1982இல் அமெரிக்காவின் பால்டிமோரில் பிரையன் ஐவாட்டா என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் இதை முறைப்படி செய்து காட்டினார்கள். தலையைச் சுவரில் மோதுவது, கையைக் கடிப்பது என்று தங்களையே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தைகளைச் சில நிமிடங்கள் தனியாக, சில நிமிடங்கள் விளையாட்டில், சில நிமிடங்கள் கடினமான வேலையில், சில நிமிடங்கள் கவனிக்கப்படாத நிலையில் வைத்துப் பார்த்தார்கள். வெளியில் ஒரே மாதிரித் தெரிந்த செயல், ஒரு குழந்தையிடம் வேலை கடினமானபோது கூடியது, இன்னொரு குழந்தையிடம் யாரும் கவனிக்காதபோது கூடியது, வேறொன்றிடம் தனிமையில். செயல் ஒன்று, காரணம் மூன்று.

மூன்று ஆண்டுகள் கழித்து எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் அடுத்த அடியை வைத்தார்கள். வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு குழந்தைகளின் முரட்டு நடத்தையைக் கவனித்து, அது எதைக் கேட்கிறது என்று முதலில் கண்டுபிடித்தார்கள். பிறகு அதையே வாயால் கேட்கும் ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். பாடம் கடினமானபோது முரண்டு பிடித்த குழந்தைக்கு, புரியவில்லை என்று சொல்லி உதவி கேட்கும் வாக்கியம். பெரியவரின் கவனம் குறைந்தபோது முரண்டு பிடித்த குழந்தைக்கு, நான் சரியாகச் செய்கிறேனா என்று கேட்கும் வாக்கியம். முரட்டுத்தனம் சட்டென்று குறைந்தது. வாக்கியத்தை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. உதவி தேவைப்படும் பிள்ளையைப் பாராட்டிப் பயனில்லை, கவனிப்பு தேவைப்படும் பிள்ளைக்குப் பாடத்தை எளிதாக்கியும் பயனில்லை.

இதை வீட்டில் செய்து பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு பக்கத்தில் மூன்று கட்டம்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் என்ன கிடைத்தது. ‘அடம் பிடித்தான்’ என்று எழுதக்கூடாது. ‘தரையில் படுத்து ஐந்து நிமிடம் கத்தினான்’ என்று எழுத வேண்டும். நேரம், இடம், உடன் இருந்தவர், அன்று தூங்கிய நேரம், சாப்பிட்டது. இரண்டு வாரத்தில் ஏதோ ஒரு ஒழுங்கு பெரும்பாலும் தெரியவரும். சண்டை எல்லாம் கணக்கு வீட்டுப்பாடத்துக்கு முன்னாலா? சித்தப்பா வந்த நாளிலா? போனைப் பிடுங்கும் நேரத்திலா? பள்ளி வேன் ஏறும் முன்பு மட்டுமா? கடைசி இரண்டில் ஒன்று சாதாரணப் பிணக்கு. மற்றொன்று வேனுக்குள் என்ன நடக்கிறது என்று விசாரிக்க வேண்டிய விஷயம்.

பின்னால் கிடைப்பதைக் கவனிக்கும்போது பெரியவர்களின் பங்கும் தெரிந்துவிடும். கடையில் கத்தினால் மிட்டாய் கிடைக்கும் என்பதைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது யார்? பாடம் புரியாத பையனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினால், அவனைப் பொறுத்தவரை அது தண்டனையா, விடுதலையா?

அமெரிக்க உளவியலாளர் ராஸ் கிரீன் 1998இல் எழுதிய ‘தி எக்ஸ்ப்ளோசிவ் சைல்ட்’ நூல் இதையே திறன் பக்கத்திலிருந்து பார்க்கிறது. இப்படிப்பட்ட குழந்தைகளிடம் குறைவது மனசு இல்லை, திறன் என்பது அவர் வாதம். ஏமாற்றத்தைத் தாங்குவதும், திட்டம் மாறினால் மாறிக்கொள்வதும், கோபம் வந்த கணத்தில் சொல் தேடுவதும், வாசிக்கக் கற்பது போலக் கற்றுக்கொள்ள வேண்டியவை. வாசிக்கத் திணறும் பிள்ளைக்குக் கூடுதல் பாடம் எடுக்கிறோம். கோபத்தில் திணறும் பிள்ளைக்குக் கூடுதல் அடி கொடுக்கிறோம். கிரீன் சொல்லும் வழி, சண்டை நடக்கும்போது இல்லாமல், அமைதியான நேரத்தில் கேட்பது. “காலைல யூனிஃபார்ம் போடச் சொன்னாலே சண்டை வருதேடா கண்ணு, என்னதான் பிரச்சினை?” பதில் சில நேரம் இரண்டே சொல்லில் வரும்: “கழுத்து அரிக்குதும்மா.” காலர் லேபிளை வெட்டியதோடு முடிந்த போர்களும் உண்டு. அம்மாவின் கவலையையும் அப்போதே சொல்ல வேண்டும்: வேன் ஏழரைக்குக் கிளம்பிவிடும். இரண்டுக்கும் பொருந்தும் வழியைச் சேர்ந்து தேட வேண்டும்.

ஒழுக்கத்தின் பெயர்கள் குழந்தையோடு நிற்பதில்லை, தாய்மேலும் ஏறும். ‘வளர்ப்பு சரியில்லை’ என்ற சொல் எல்லா ஊரிலும் உண்டு. அறிவியலும் ஒருகாலத்தில் அதையே சொன்னது. ஆட்டிசத்துக்குக் காரணம் பாசமற்ற, குளிர்ந்த தாய் என்ற கருத்தை ப்ரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் பரப்பியது. அதற்கு மூன்றாண்டு முன்பே, ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட், அது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று வாதிட்டு நூல் எழுதியிருந்தார். காலம் ரிம்லாண்டின் பக்கம் நின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ தாய்மார் செய்யாத குற்றத்தைச் சுமந்தார்கள்.

ஜூஜுவாடியிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போனால், பெங்களூரு நகருக்குள் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது நிம்ஹான்ஸ், நாட்டின் முதன்மையான மனநல மருத்துவ நிறுவனம். அங்கே ஷோபா ஸ்ரீநாத்தும் சக மருத்துவர்களும் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. பெங்களூருவின் நடுத்தர வர்க்கப் பகுதி, குடிசைப் பகுதி, சுற்றியுள்ள கிராமங்கள் என மூன்றிலும் 16 வயதுவரையிலான 2,064 குழந்தைகளைப் பார்த்தார்கள். 12.5 விழுக்காட்டினருக்கு, அதாவது எட்டில் ஒருவருக்கு, ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. மூன்று பகுதிகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தங்கள் பிள்ளைக்குச் சிக்கல் இருப்பதாக உணர்ந்த குடும்பங்கள் 37.5 விழுக்காடுதான். அந்தச் சிக்கல்களோடு சேர்ந்து காணப்பட்டவற்றில் ஒன்று, குழந்தை உடல்ரீதியாகத் துன்புறுத்தப்படுவது.

அடியாத மாடு படியாது என்று சொல்லி வளர்ந்த சமூகம் நம்முடையது. சட்டம் அந்தப் பழமொழியைக் கைவிட்டுக் காலமாகிறது. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டுப் பள்ளியில் அடிப்பது தடை செய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், அடிப்பதோடு மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. குற்றவியல் சட்டமோ 1860லேயே, 7 வயதுக்குட்பட்ட குழந்தை செய்வது குற்றமாகாது என்றது. 7 முதல் 12 வரை, செய்ததன் விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்றது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. இந்தியாவில் ‘குழந்தைகள் சட்டம்’ என்ற பெயரில் முதல் சட்டம் 1920இல் சென்னை மாகாணத்தில் வந்தது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ஒருபடி மேலே போய், குழந்தை தொடர்பான நடவடிக்கைகளில் குற்றம் சாட்டும் தொனியிலான, களங்கம் சேர்க்கும் சொற்களையே பயன்படுத்தக் கூடாது என்பதைத் தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாக வைத்தது. காவல் நிலையத்தில் சொல்லக்கூடாத சொல்லைப் பள்ளி டைரியில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

காரணம் தெரிந்துவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிடலாமா? இல்லை. அடி வாங்கிய பக்கத்துப் பையனுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள். அடிக்கும் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும், அடிபட்டவனை முதலில் கவனிக்க வேண்டும், உடைத்ததை ஒட்டவைக்கச் செய்ய வேண்டும். எல்லை அப்படியே இருக்கும். எல்லையைச் சொல்லும் வாயில் வசை மட்டும் இருக்காது. ஏடிஹெச்டி, ஆட்டிசம் என்ற மருத்துவப் பெயர்களிலும் கவனம் வேண்டும். ‘அவன் ஏடிஹெச்டி பையன், அப்படித்தான்’ என்று கைகழுவினால் அதுவும் இன்னொரு முத்திரைதான். சிகிச்சைக்கும் சலுகைக்கும் வழி திறந்தால்தான் அந்தப் பெயருக்குப் பயன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு. சான்றிதழ் பெற்ற மாணவர் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் எழுதித் தர உதவியாளரும் கேட்கலாம்.

எங்கே தொடங்குவது? 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். 18 வயதுவரை கண், காது, ரத்தசோகை, வளர்ச்சித் தாமதம் எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. மேல்சோதனைக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். குழந்தைக்கு ஆபத்து என்ற சந்தேகம் எழுந்தால் 1098. மனநல ஆலோசனைக்கு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ், 14416. தமிழோடு தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா முதலிய மொழிகளிலும் பேசலாம் என்பதால் ஜூஜுவாடியின் எந்த லைன் வீட்டுக்கும் அந்த எண் பொருந்தும். ஓசூர் அரசு மருத்துவமனைக்கோ நிம்ஹான்ஸுக்கோ போகிறவர்கள் அந்த நாற்பது பக்க நோட்டையும் பையில் வைத்துக்கொள்வது நல்லது. எத்தனை மணிக்குத் தூங்குகிறான், எப்போது கத்துகிறான், அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்றுதான் டாக்டரும் கேட்கப்போகிறார்.